முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய நாணயங்களை இணையத்தில் வாங்குவோர் பலர், ராணியின் முகம் தெரியும் ஒரே படத்தை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள். இன்றைய போலிகளில் முகம் நன்றாகவே அமைந்துவிடுகிறது. அவை மாட்டிக்கொள்வது விளிம்பிலும் எடையிலும்தான்.

1840 என்று ஆண்டிட்ட விக்டோரியா வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் தன் ஆட்சிப் பகுதி முழுதுக்கும் ஒரே நாணய முறையைக் கொண்டுவந்தபோது, ரூபாயின் எடை ஒரு தோலா என்று வைத்தது. அதாவது 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. 1939 வரை இதுதான் அளவு. 1940-இல் வெள்ளி 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.4, 11.5 கிராம் இருக்கலாம். எழுத்தெல்லாம் கூராக இருந்து எடை மட்டும் 11-க்குக் கீழே நின்றால் தொடாதீர்கள். எடை சரியாக இருப்பதாலேயே நல்ல காசு என்றும் சொல்லிவிட முடியாது. மலிவான உலோகத்தில் தடிமனைச் சற்றுக் கூட்டி 11.66 கிராமை எட்டிவிடுகிறார்கள். அப்போது கைகொடுப்பது தண்ணீர்ச் சோதனை.

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின் தராசு வேண்டும். முதலில் காசை உலர்ந்தபடி நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் அமிழும்படி இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது; நூலைக் கையில் பிடித்தபடியே தராசைப் பாருங்கள். நல்ல ரூபாய்க்கு 1.13 கிராம் அளவில் காட்டும். உலர்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.3 வரும்; அதுதான் காசின் அடர்த்தி. அதே 11.66 கிராமில் பித்தளை என்றால் 1.37, செம்பு நிக்கல் கலவை என்றால் 1.31 காட்டும். மேலே வெள்ளி முலாம் எவ்வளவு பளபளத்தாலும் இந்தக் கணக்கு ஏமாறாது. இதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: எழுத்துகளின் இடுக்கில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிப்போய், நல்ல காசும் போலியாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. முடிந்ததும் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

காந்தத்தை மட்டும் நம்பி முடிவு செய்வது தவறு. பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகாது. மறுபக்கம், 1947-ஆம் ஆண்டின் புலி பொறித்த ரூபாய் நிக்கலால் ஆனது. அது காந்தத்தில் ஒட்டியே தீர வேண்டும். ஒட்டுகிறதே என்று நல்ல காசைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

அடுத்தது விளிம்பு. அசல் ரூபாய் அச்சுகளுக்கிடையே அடிக்கப்பட்டது; விளிம்பின் வரிகள் ஒரே இடைவெளியில் நேராக ஓடும். வார்த்துச் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடு தெரியும், அல்லது அதை அராவி எடுத்த தடம் இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் எழுத்தும் உருவமும் இல்லாத வெறும் பரப்பில் ஊசிமுனை அளவு குழிகளும், ஓரம் மழுங்கிய எழுத்துகளும் தென்படும். அச்சடித்தே செய்யும் போலிகளில் இவை இருக்காது; அங்கே வேறு துப்பு உண்டு. ஒரு அசல் காசிலிருந்து அச்சு எடுப்பதால் அந்தக் காசின் கீறலும் பள்ளமும் எல்லாப் பிரதிகளிலும் அதே இடத்தில் விழும். ஒரே விற்பனையாளரின் நான்கு காசுகளில் ராணியின் கன்னத்தில் ஒரே கீறல் இருந்தால் நான்கும் போலி.

ஆண்டெண்ணைத் திருத்துவது இன்னொரு வேலை. 1939 ரூபாய் அரிது என்பதால் 1938-இன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்குகிறார்கள். உலோகமும் எடையும் அசலே என்பதால் தண்ணீர்ச் சோதனை இங்கே உதவாது. அந்த எண்ணைச் சுற்றியுள்ள இடத்தை லென்ஸில் பாருங்கள்: சுரண்டிய கோடு, நிற மாற்றம், ஒட்டிய இணைப்பு, ஏதேனும் ஒன்று காட்டிக்கொடுக்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911 ரூபாயில் அரசரின் அங்கியில் உள்ள யானை, துதிக்கை குட்டையாகிப் பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து திரும்பப் பெறப்பட்டது; 1912-இல் யானையைத் திருத்தினார்கள். துதிக்கை தெளிவாகத் தெரியும் யானையோடு 1911 என்று இருந்தால் ஆண்டு மாற்றப்பட்டது.

மிகப் பெரிய ஏமாற்று, அனுமனும் ராமர் பட்டாபிஷேகமும் பொறித்து ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818’ என்று விற்கப்படும் காசுகள். 1616, 1717 என்றுகூட ஆண்டு போட்டிருக்கும். இவை நாணயமே அல்ல, பிற்காலத்தில் செய்த வில்லைகள். சாமி உருவம் இருப்பதால் மட்டும் போலி என்று நினைக்கவும் கூடாது: சென்னையில் கம்பெனி வெளியிட்ட வெள்ளி அரை வராகனில் கோபுரமும் திருமாலும் உண்டு, அது அசல். அதேபோல் 1835 ரூபாயில் வில்லியம் மன்னரின் பெயருக்குப் பின் IV என்று போடாமல் நான்கு கோடுகள் (IIII) போட்டு நான்காமவர் என்று குறித்திருப்பதும் பிழையல்ல, அசலே அப்படித்தான்.

‘பணம்’ என்ற பெயருள்ள பழைய தங்கக் காசு வேறு கதை. அரைக் கிராம்கூட எடை இல்லாத அந்தப் பொட்டுக் காசு தண்ணீரில் காட்டும் அளவு தராசின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அதைத் தெரியாத ஆளிடம் இணையத்தில் வாங்கவே வேண்டாம்.

வாங்குமுன் இரண்டு பக்கம், விளிம்பு, தராசின் மேல் எடையோடு, அன்றைய தேதி எழுதிய தாளோடு எனப் படங்கள் கேளுங்கள். தர மறுப்பவரிடம் பேரம் பேசாதீர்கள். தரச் சான்றிதழோடு பிளாஸ்டிக் உறையில் வந்தால், சான்றிதழ் எண்ணைச் சான்றளித்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால் மட்டும் போதாது. உண்மையான எண்ணையே போலி உறையில் அச்சிடுகிறார்கள். தளத்தில் படம் இருந்தால் அதன் கீறல்களும் கையிலுள்ள காசின் கீறல்களும் ஒத்துப்போக வேண்டும். பொட்டலத்தைப் பிரிப்பதை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். காசைத் துலக்காதீர்கள், துலக்கினால் திருப்பித் தரும் வாய்ப்பும் போகும், அசலாக இருந்தால் மதிப்பும் போகும். ஏமாந்தால் வாங்கிய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்: 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915, இணைய மோசடிக்கு 1930.

விற்பனைத் தளங்கள் எடை, விட்டம், விளிம்புப் படம் இல்லாத நாணய விளம்பரத்தை ஏற்கக்கூடாது என்று அரசு விதி வகுக்க வேண்டும். போலச்செய்த நாணயங்களில் ‘நகல்’ என்று பொறிக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1973 முதல் இருக்கிறது. 1818 அனுமன் காசுகளின் மேல் அந்த ஒரு சொல் இருந்தால், ஓய்வூதியப் பணத்தைப் போட்டு எவரும் அவற்றை வாங்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி