விழிப்புணர்வு எங்களிடம் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலக்குகளைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழில் வெளிவந்த தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். 2030-க்குள் 500 ஜிகாவாட் என்ற இலக்கைப் பாராட்டிவிட்டு, வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரமும் விவசாய சோலார் பம்புசெட்டும் எதிர்பார்த்த வேகத்தில் பரவாததற்குக் 'கிராமப்புற மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததே காரணம்' என்று ஒரே வரியில் தீர்ப்பளித்திருந்தீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் நான். காவேரிப்பட்டணம் அருகே நான்கு ஏக்கர் மாந்தோப்பும் வைத்திருக்கிறேன். அந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது.

விழிப்புணர்வு இல்லாமலா என் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் தகடுகள் ஏறின? ஒரு கோடி வீடுகளுக்கான கூரைச் சூரிய மின்திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு என்பதைத் தங்கள் இதழிலேயே படித்துத் தெரிந்துகொண்டு, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்திலிருந்து எடுத்துச் செலவு செய்தேன். தகடு பொருத்தும் வேலை இரண்டே நாளில் முடிந்தது. நாம் எடுக்கும் மின்சாரத்தையும் கம்பிக்குத் திருப்பித் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் வந்து சேர நான்கு மாதங்கள் ஆயின. முதலில் ட்ரான்ஸ்பார்மர் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்த பிறகு மீட்டர் கையிருப்பில் இல்லை என்றார்கள். மீட்டர் இல்லாமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்பது விதி என்பதால், பங்குனியிலிருந்து ஆனி வரை அடித்த வெயில் அத்தனையும் தகட்டின் மேல் விழுந்து வீணாயிற்று. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் ஆதலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறத்தாழ 1,440 யூனிட். நான் ஏறி இறங்கிய அலுவலகம் எது என்று எழுத விரும்பவில்லை. அங்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் மேலிருந்து மீட்டர் வரக் காத்திருந்தவர்களே.

இணைப்புக் கிடைத்த பிறகு வேறொன்றைக் கற்றுக்கொண்டேன். மின்கம்பியில் மின்சாரம் நின்றுவிட்டால், பேட்டரி இல்லாத இத்தகைய அமைப்பும் உடனே நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறும் பணியாளரின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விற்க வந்தவர்கள் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. உச்சி வெயிலில் மின்தடை வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா, "வெயில் அடிக்கும்போதே உங்க வீட்டிலயும் ஃபேன் நிக்குதே சார், அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டார். அவர் விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு விழிப்புணர்வின்மையா காரணம்? கண்ணால் பார்த்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார்.

இலக்குகளைப் பற்றித் தங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. 2022-க்குள் 175 ஜிகாவாட் என்று 2015-இல் அறிவித்தார்கள்; அதில் 40 ஜிகாவாட் கூரைகளிலிருந்து வர வேண்டும். 2022 முடிந்தபோது, பெரிய அணைகளைச் சேர்க்காமல், மொத்தம் ஏறத்தாழ 120 ஜிகாவாட்டே நிறுவப்பட்டிருந்தது. கூரைகளின் பங்கு 10 ஜிகாவாட்டைக்கூடத் தொடவில்லை. இடையே 2019-இல் பெரிய அணைகளின் நீர்மின்சாரமும் புதுப்பிக்கத்தக்க வகையில் சேர்க்கப்பட்டது. தாங்கள் குறிப்பிட்ட 500 ஜிகாவாட்டும் முழுவதும் புதுப்பிக்கத்தக்கது அன்று. நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாதவை அனைத்தும், அணுமின்சாரம் உட்பட, அந்தக் கணக்கில் அடங்கும். பத்தாம் வகுப்பு மாணவனின் விடைத்தாளில் இந்தப் பிழை இருந்திருந்தால் நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

நிறுவுதிறனில், அதாவது நிறுவிய மின்நிலையங்களின் மொத்தத் திறனில், பாதி புதைபடிவம் அல்லாதவற்றுக்கு வந்துவிட்டது என்று 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் 2024-25-இல் நாட்டில் உற்பத்தியான யூனிட்டுகளில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. இரவில் வெயில் இல்லை. ஆடி கழிந்து சில வாரங்களில் காற்றும் குறைந்துவிடுகிறது. நிறுவியது வேறு, கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 2012-லேயே அறிந்துகொண்டார்கள். காற்றாலைத் திறனில் நாட்டிலேயே முதலிடத்தில் அன்று தமிழ்நாடு இருந்தது. அதே ஆண்டில் என் மாணவர்கள் பொதுத்தேர்வுக்கு மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள்.

சோலார் பம்புசெட்டுக்கு வருகிறேன். 2019-இல் தொடங்கிய குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் மானியம் தருவதாக வகுத்தார்கள். அந்த மத்திய மானியம் 7.5 குதிரைத்திறன் மோட்டாருக்கு மேல் கணக்கிடப்படவில்லை. எங்கள் பகுதியில் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராமல் மூடிய கிணறுகளை நான் காட்ட முடியும். அவ்வளவு ஆழத்திலிருந்து அந்த மோட்டார் எவ்வளவு தண்ணீரை இறைக்கும் என்பதை, முப்போகம் விளையும் ஊரில் இருந்துகொண்டு கணக்கிட முடியாது. இங்கே மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற விவசாயிக்குப் பகலில் மோட்டார் ஓடினால் எவ்வளவு நிம்மதி என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018-இல் என் தம்பியின் தோப்பில் உயர்மின் கோபுரம் ஒன்று நின்றது. காய்த்துக்கொண்டிருந்த பெங்களூரா மாமரங்கள் பதினொன்றை வெட்டினார்கள். கம்பி போகும் பாதையில் இனி மரம் வைக்கவும் முடியாது. நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே இதைச் செய்ய 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இடம் கொடுத்தது. கோபுரத்தின் அடி நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்பதே அன்றைய வழிகாட்டுதல். 2024 ஜூனில் அதை 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் மத்திய அரசு உயர்த்தியது. முன்பே நிலம் கொடுத்தவர்களுக்கு அதனால் என்ன பயன்? கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்துப் பாவகடா எங்கள் ஊரைப் போலவே வறண்ட பூமி. அங்கே 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவுக்காகச் சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்து, ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது. கூலி வேலை இழந்தவர்களின் துயரம் அங்கும் உண்டு. ஆயினும் நிலத்துக்கு உரியவனைப் பங்காளியாக நடத்த வழி இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

நான் இலக்குகளுக்கு எதிரானவன் அல்லன். பருவத்தில் வராத மழைக்காகவும், காலம் தப்பிப் பூக்கும் மாமரங்களுக்காகவும் கவலைப்படுகிறவன் என்பதால், 500 என்ற எண்ணை நாடு எட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்த எண் குறையும்போது பழியை எங்கள் அறியாமையின் மேல் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தங்களிடம் கேட்பது இரண்டே. தலையங்கத்தின் அந்த ஒரு வரியைத் திருத்தி, சிறிய எழுத்திலாவது வெளியிடுங்கள். இனி மெகாவாட் கணக்கை அச்சிடும் போதெல்லாம், அந்த ஆண்டில் உற்பத்தியான யூனிட் கணக்கையும் அதன் அருகில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம் அருகில்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.