சுவிட்சை அணைத்த பிறகும் ஷாக் அடித்த கீசர்: சோதிக்காமலே போட்ட டிக் பற்றி

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர்

பொருள்: சுவிட்ச், சாக்கெட் மாற்றிய பின் பாதுகாப்புச் சோதனை செய்யாதது குறித்து

ஐயா / அம்மா,

போன மாதம் 12ஆம் தேதி உங்கள் எலக்ட்ரீஷியன் வந்து எங்கள் வீட்டில் பழைய சுவிட்ச் போர்டுகளை எடுத்துவிட்டு மாடுலர் சுவிட்சுகள் போட்டார். குளியலறைக் கீசருக்கான 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதில் சேரும். வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. பில்லில் 'பாதுகாப்புச் சோதனை' என்று தனியாக 149 ரூபாய், அதற்கு நேராக ஒரு பச்சை டிக்.

நான்கு நாள் கழித்து அம்மா குளிக்கப் போன இடத்தில் குழாயைத் தொட்டதும் கை சுருக்கென்றது. "சுவிட்சை அணைச்சுட்டுத்தான்டா தொட்டேன்" என்றார். நான் நம்பவில்லை. அணைத்த கீசர் எப்படி ஷாக் அடிக்கும், ஈரக் கையோடு வேறு எதையாவது தொட்டிருப்பார் என்று நினைத்தேன். அதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

உங்கள் உதவி எண்ணில் பேசியவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆர்சிசிபி டிரிப் ஆச்சா?" மின்கசிவு வந்தால் தானாக விழுந்து (டிரிப் ஆகி) மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி. இல்லை என்றேன். "அப்போ லீக்கேஜ் இல்லை சார்" என்று புகாரை முடித்துவிட்டார். கூடவே 200 ரூபாய் கூப்பன்.

அப்புறம் எங்கள் தெருவில் இருக்கும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரை அழைத்தேன். அவர் கொண்டுவந்தது ஒரு 100 வாட் டெஸ்ட் லாம்ப், ஒரு மல்டிமீட்டர், அவ்வளவுதான். டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்துக்கும் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் ஒயர்) இடையில் வைத்தால் பல்பு வழியாக 400 மில்லி ஆம்பியருக்கு மேல் எர்த்துக்குப் போகும்; 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழ வேண்டும். சமையலறை சாக்கெட்டில் வைத்தார், 'டப்' என்று விழுந்தது. கீசர் சாக்கெட்டில் வைத்தார். பல்பும் எரியவில்லை, ஆர்சிசிபியும் விழவில்லை. கழற்றிப் பார்த்தால் எர்த்துக்கான பச்சை ஒயர் நீளம் போதாமல், டேப் சுற்றிப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய ஒயரிங்கில் ஃபேஸ், நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) இரண்டுமே சிவப்பு ஒயர். உங்கள் ஆள் மாற்றிப் பூட்டியதில் சுவிட்ச் ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. அணைத்தாலும் கீசருக்குள் 230 வோல்ட் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. அம்மா சொன்னது அத்தனையும் சரி.

கீசர் 7 வருடம் பழையது. அதன் காயிலில் லேசான கசிவு முன்பே இருந்திருக்கலாம் என்றார் வயர்மேன். அதை மாற்றுவது என் பொறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதுவரை அந்தக் கசிவு எர்த் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எர்த்தைத் துண்டித்தபின் அதற்குக் கிடைத்த வழி அம்மாவின் கைதான். சுருக்கென்று உணர ஒரு மில்லி ஆம்பியர் அளவே போதும். அதற்கு ஆர்சிசிபி விழாது. ஆகவே 'டிரிப் ஆகவில்லை, லீக்கேஜ் இல்லை' என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். ஆர்சிசிபியில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனும் எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டனை அழுத்தினால் விழும். உங்கள் எலக்ட்ரீஷியன் அதை அழுத்திக் காட்டிவிட்டுத்தான் டிக் போட்டார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அன்று எங்கள் வீடு அவருக்கு ஆறாவது வேலையாம். பையில் நியான் டெஸ்டர் தவிர அளக்கும் கருவி எதுவும் இல்லை. மீட்டர் கொடுக்காமல் சோதனைக்குக் காசு வாங்கியது நீங்கள்.

எனவே வேலைக்கான கூலியையும் அந்த 149 ரூபாயையும் வயர்மேனுக்கு நான் கொடுத்த 600 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். மாற்றிய எல்லா சாக்கெட்டிலும் எர்த் தொடர்ச்சி, ஃபேஸ் இருக்கும் பக்கம், 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்து இன்சுலேஷன் என மூன்றையும் அளந்து, அளவுகளை எண்ணாக எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். டிக் வேண்டாம். அதே வாரம் அவர் வேலை செய்த மற்ற வீடுகளுக்கும் ஆள் அனுப்பிப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை பணத்தைவிட இதுதான் அவசரம்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், கழற்றிய சாக்கெட்டின் படங்கள், வயர்மேன் எழுதித் தந்த குறிப்பு இணைத்துள்ளேன். மடித்து வைத்த பச்சை ஒயர் மூன்றாவது படத்தில் தெளிவாகத் தெரியும்.

ஆள் அனுப்புவதானால் மாலை 5 மணிக்கு மேல் அனுப்புங்கள். கூப்பன் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்