காலைச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கோண்டாவிலில் வீட்டோடு தையல் வேலை செய்பவள். பாடசாலைச் சீருடைகளும் சேலைச் சட்டைகளும்தான் பெரும்பாலும் தைக்கிறேன். அதிகாலை ரியூசன் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்கு முன் என் கதை. இருபது வருடமாக எனக்கு ஒற்றைத் தலையிடி. அதில் முதல் பன்னிரண்டு வருடமும் அதைப் பீனிசம் என்று நம்பி, நொச்சியிலை அவித்து வேது பிடித்துக்கொண்டிருந்தேன். மூக்கில் ஒரு சொட்டு நீரும் வராது. ஆனாலும் பீனிசம்!

இடது கண்ணுக்கு மேல் தொடங்கி, நாடித் துடிப்போடு சேர்ந்து இடிக்கும். மாமி அடுப்பில் வெங்காயம் தாளித்தால் எனக்குச் சத்தி வரும். சில வேளை வலிக்கு முன்னரே, இருபது நிமிடம் போலக் கண்ணுக்குள் வளைந்து நெளிந்த ஒளிக் கோடுகள் ஓடும். ஊசிக்கு நேரே இருக்கும் துணியில் பாதி தெரியாது. மருந்து எடுக்காவிட்டால் நாலு மணித்தியாலத்தில் போனாலும் போகும், மூன்று நாள் இருந்தாலும் இருக்கும். யன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் படுத்திருப்பவளை ஊர் 'சொகுசுக்காரி' என்று சொல்லும்.

கடைசியில் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த இளம் பெண் வைத்தியர் முதலில் கேட்டது, மாதத்தில் எத்தனை நாள் பனடோல் போடுகிறீர்கள் என்றுதான். பாதியைக் குறைத்துச் சொன்னேன். குறைத்த கணக்கே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை எடுத்து, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மாத்திரையே தலையிடியை வளர்க்குமாம். கபீன், கோடீன் போன்றவை கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதுமாம். பிறகு, வீட்டுக் கலண்டரில் வலி வந்த நாளுக்குப் புள்ளடி போட்டு, முதல் நாள் எப்போது நித்திரை கொண்டேன், எப்போது சாப்பிட்டேன் என்று பக்கத்தில் எழுதிவரச் சொன்னார்.

மூன்று மாதத்தில் கலண்டர் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. புள்ளடிகள் வெள்ளியிலும் ஞாயிறிலும் குவிந்திருந்தன. வெள்ளி விரதம், ஒரு நேரச் சாப்பாடு. அதோடு, மற்ற நாள்களில் ஆறு பிளேன் ரீ குடிக்கிறவள் அன்று ஒன்றும் குடிப்பதில்லை. பசியும் தேநீர் இல்லாத குறையும் சேர்ந்து மத்தியானத்துக்குள் தலையைப் பிடித்துவிடும். ஞாயிறு என்றால் எட்டு மணி வரை படுக்கை. இந்த நோய்க்காரரின் மூளைக்கு மாற்றம் ஆகாது என்றார் வைத்தியர். நித்திரை குறைந்தாலும் கூடினாலும் அது கோபிக்கும்.

புள்ளடிகளின் மூன்றாவது குவியல்தான் எனக்குப் பெரிய அதிசயம். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்துக்கு முன் ஒரு மாதம் நடுச்சாமம் வரை மெஷினில் இருப்பேன், தலை ஒன்றும் செய்யாது. கடைசிச் சட்டையையும் கொடுத்துவிட்டு நிமிரும் நாளில் பார்த்து இடிக்கும். கண்ணூறு என்று மாமி மிளகாய் சுற்றிப் போடுவார். நெருக்கடி தளரும் வேளையில் வலி வருவது இந்த நோயில் அறியப்பட்ட விஷயமாம்.

மாமி குற்றம் சாட்டிய இன்னொருவர் கறுத்தக்கொழும்பான். மாம்பழம் தின்ற மறுநாள் தலையிடி வரும் என்பது அவர் கட்சி. ஆனால் வலிக்கு முதல் நாளே கொட்டாவி வருவதும் இனிப்புக்கு நாக்கு அலைவதும் நோய் தொடங்கிவிட்டதன் அடையாளமாக இருக்கலாமாம். பழத்தால் வலி வரவில்லை, நோயால்தான் பழ ஆசை வந்திருக்கலாம். பாவம், பழத்தை இரண்டு வருடம் தள்ளிவைத்திருந்தேன்.

இப்போது ஞாயிறிலும் ஐந்தரைக்கு எழும்புகிறேன். ஏழு மணிக்குள் பிட்டோ, ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழமோ வயிற்றுக்குள் போய்விடும். தேநீரை மெல்ல மெல்ல இரண்டாகக் குறைத்தேன். விரத நாளில் பாலும் பழமும் எடுக்கிறேன். முருகன் கோபித்ததாகத் தெரியவில்லை. மெஷினுக்கு மேல் சிமிட்டிக்கொண்டிருந்த ரியூப் லைற்றை மாற்றினேன். பின்னேரம் அரை மணித்தியாலம் நடை. கிளினிக்கில் தந்த தடுப்பு மாத்திரையையும் சில மாதம் எடுத்தேன், அதை மறைக்க மாட்டேன். மாதத்தில் எட்டு, ஒன்பது நாள் என்றிருந்தது இப்போது ஒன்று அல்லது இரண்டு. ஆனால் திடீரென இதுவரை காணாத கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் என்றால் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இப்போது மகளுக்கு வந்திருக்கிறது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடிய நோய் இது. சாதாரண தரப் பரீட்சை எடுக்க இருக்கிறாள். நாலரைக்கு எழும்பி, ஐந்தே முக்காலுக்கு ரியூசன். ஏழு மணிக்கு விட்டதும் நேரே பாடசாலைக்குச் சைக்கிளை மிதிக்க வேண்டும். முதல் சாப்பாடு இடைவேளையில்தான். இரவு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வர எட்டரை. நான் கொடுத்துவிடும் தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. கேட்டால், "குடித்தால் அங்கே போக வேண்டி வரும் அம்மா" என்கிறாள். அந்த ரியூசன் மலசலகூடத்தை ஒருநாள் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவளைக் குறை சொல்லவில்லை.

ரியூசனுக்குப் பொறுப்பானவரிடம் பேசினேன். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் தாக்குப்பிடிக்கிறார்கள் என்றார். தாக்குப்பிடிக்காத பிள்ளை பின் வாங்கில் தலையைக் கவிழ்த்து வைத்திருப்பதை அவர் நித்திரை என்று நினைக்கிறார் போலும்.

வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் காசு கட்டித்தான் அனுப்புகிறேன். ஆறரைக்கு ஒரு பத்து நிமிடம் விடுங்கள், கொண்டுவந்த இடியப்பத்தைப் பிள்ளைகள் சாப்பிடட்டும். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும் வழக்கத்தை எடுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் போகக்கூடிய மாதிரி ஒரு மலசலகூடத்தைக் கழுவி வையுங்கள். யாழ்ப்பாணத்தில் ரியூசன் நடத்துகிறவர்களில் சிலராவது உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மகளின் கலண்டரில் போன மாதம் ஏழு புள்ளடிகள். ஆறு, அதிகாலை வகுப்பு உள்ள நாள்களில்.

இப்படிக்கு,
தையல்காரத் தாய் ஒருத்தி,
கோண்டாவில்.