பகீயில் எங்கள் வாப்பாவை இறக்கி வைத்தவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடந்த மாதம் மக்காவில் உம்ராவை நிறைவேற்றி, மதீனாவில் எட்டு நாள் தங்கி, அங்குள்ள ஜன்னத்துல் பகீ என்னும் அடக்கத்தலத்தில் அடங்கியிருக்கும் எங்கள் வாப்பாவுக்கு நேரில் ஸலாம் சொல்லிவிட்டு, காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா), என் மனைவி, நான் என நால்வரும் காயல்பட்டினம் திரும்பினோம். இந்த ஸியாரத்துக்கு (கபர் சந்திப்புக்கு) கைகொடுத்தவர்களில் பெரும்பாலோரின் முகவரி எங்களிடம் இல்லை. ஆகவே இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

வாப்பா 1995ஆம் ஆண்டு ஹஜ்ஜை முடித்துக்கொண்டு மதீனாவுக்கு வந்த மூன்றாம் நாள் வஃபாத்தானார்கள். செய்தி ஊருக்கு எட்டியபோது நபிகளாரின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவியில் ஜனாஸா தொழுகையும் (இறந்தவருக்கான தொழுகை) பகீயில் அடக்கமும் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. மதீனாவில் மரணிக்க முடிந்தவர் அங்கேயே மரணிக்கட்டும், அவருக்காக நான் பரிந்துரைப்பேன் என்ற நபிமொழியைச் சொல்லி ஊரார் எங்களைத் தேற்றினார்கள். தேறினோம் என்பதும் உண்மையே. ஆனாலும், இரண்டு ஆண்மக்கள் இருந்தும் மூன்று பிடி மண் போட ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லையே என்ற குறை உம்மா கண்மூடும் வரை தீரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பொதி வந்தது. அதில் வாப்பாவின் மூக்குக்கண்ணாடி, தஸ்பீஹ் மணிமாலை, பன்னிரண்டு ரியால், தமிழில் எழுதிய ஒரு தாள் ஆகியவை இருந்தன. அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் நடந்தது, குழிக்குள் இறங்கி வாங்கி வைத்தவர்களில் நானும் ஒருவன் என்று எழுதி, பெயர் போட வேண்டிய இடத்தில் ‘இங்கு வேலை பார்க்கும் ஒரு தமிழ்ச் சகோதரன்’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தார்.

எங்கள் குழுவை அழைத்துச் சென்ற ஆலிம் (மார்க்க அறிஞர்) அவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். வாப்பாவின் கபரை (அடக்கக்குழியை) கண்டுபிடித்தே தீருவது என்ற பிடிவாதத்தோடு போன எங்களிடம், பகீயில் பெயர் பொறித்த மீஸான் கல் எதுவும் கிடையாது, காலம் சென்றபின் அதே மண்ணில் அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள், அதனால் தேட வேண்டாம் என்பதை விடுதி அறையிலேயே உட்கார வைத்துப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். பின்னிரவில் நபிகளார் பகீக்குச் சென்று அங்குள்ளவர்களுக்கு ஸலாம் சொல்லி, ‘இறைவா, பகீஉல் கர்கத் வாசிகளை மன்னிப்பாயாக’ என்று கேட்டதை அவர்களின் துணைவி ஆயிஷா நாயகி அறிவித்திருக்கிறார்கள். கர்கத் என்பது அந்த நிலத்தில் ஒரு காலத்தில் மண்டியிருந்த முட்செடி. அந்த துஆவில் வாப்பாவும் சேர்ந்துவிட்டார்கள் என்று ஆலிம் சொன்ன பிறகே காக்கா அன்றிரவு தூங்கினார்.

பெண்களும் உள்ளே போகலாம் என்று புறப்படுமுன் எங்களிடம் உறுதியாகச் சொன்ன பயண ஏற்பாட்டாளரைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை. வாசலில் காவலர் கைகாட்டித் தடுத்தபோது, அறுபத்தெட்டு வயது லாத்தா அழுத அழுகை போதும். அப்போது கூட்டத்திலிருந்து தமிழ்க் குரல் கேட்டு வந்தவர், கணவரோடு மதீனாவில் குடியிருக்கும் இலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு சகோதரி. அவர் லாத்தாவையும் என் மனைவியையும் மதில் ஓர நடைபாதைக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்தபடியே ஸலாம் சொல்ல வைத்தார். மறுநாள் முதல் பள்ளிவாசலில் தம் பக்கத்திலேயே நிறுத்தி, ஃபர்ளு (கடமையான) தொழுகை முடிந்ததும் வரும் ஜனாஸா அறிவிப்புக்குக் காத்திருந்து தொழவும் பழக்கினார். எட்டு நாளில் முப்பதுக்கு மேற்பட்ட தொழுகைகளுக்குப் பின் யார் யாருக்கோ ஜனாஸா தொழுதோம் என்று லாத்தா இன்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முழங்கால் வலியால் சக்கர நாற்காலியில் இருந்த காக்காவைச் சரிவுப்பாதையில் தள்ளிக்கொண்டு ஏறிய வங்காளதேச இளைஞருக்கும் நன்றி. முதல் நாள் பத்து ரியால் வாங்கிக்கொண்டார். அது உழைப்புக்குரிய கூலி, அதில் குறை ஒன்றுமில்லை. வாப்பாவின் செய்தியை ஆலிமிடம் கேட்டறிந்த பிறகு, சுப்ஹு (வைகறைத்) தொழுகை முடிந்து கதவு திறக்கும் நேரத்துக்கு அவரே வந்து நின்றார். மண்மேட்டைப் பார்த்து நெடுநேரம் கையேந்தி நின்ற என்னை, கிப்லாவை (கஅபா இருக்கும் திசையை) நோக்கித் திரும்பச் சொல்லித் தோளைத் தொட்ட காவலரையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அவர் கண்டிப்பானவர்தான், ஆனால் கடுமையானவர் அல்லர்.

நபிகளாரின் துணைவியர், மகன் இப்ராஹீம், பேரர் ஹஸன், கலீஃபா உஸ்மான், இமாம் மாலிக் ஆகியோர் அடங்கிய இடங்களை ஆலிம் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு காலத்தில் இங்கே கபர்களின் மேல் நின்ற குப்பாக்கள் (குவிமாடக் கட்டடங்கள்) 1806இலும், மீண்டும் எழுப்பப்பட்டபின் 1920களிலும் இடிக்கப்பட்டன. அது சரியா தவறா என்ற வழக்கு நம் ஊர்த் திண்ணைகளிலும் உண்டு. ஆலிம் அதற்குள் போகாமல், ‘ஸலாம் சொல்லுங்கள்’ என்று மட்டும் சொல்லி நடந்தார். கலீஃபாவின் கபரும் யாரென்று தெரியாத ஹாஜியின் கபரும் ஒரே செம்மண்ணும் தலைமாட்டில் ஒரு மொட்டைக் கல்லுமாக இருந்ததைக் கண்டபோது, மீஸான் கல் தேடி வந்த எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, எங்களைக் கடந்து, மைய்யித்தை (இறந்தவர் உடலை) சுமந்த ஒரு சந்தூக் வேகமாகத் தோள்மாறிப் போனது. கூடவே ஓடிய உறவினர் என்று இரண்டே பேர்தான் இருந்தனர். அவர்கள் எந்த நாட்டவர் என்பதும் எங்களுக்குப் புரியவில்லை. ஆலிம் எங்களைத் திரும்பிப் பார்த்தார், நாங்களும் பின்தொடர்ந்தோம். மைய்யித்தை வைத்து, மண்கல் அடுக்கி மூடிய பிறகு, அந்த வங்காளதேச இளைஞர் நாற்காலியைக் குழியின் ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தி, கீழே குனிய முடியாத காக்காவின் உள்ளங்கையில் ஈரமண்ணை அள்ளி வைத்தார். காக்கா மூன்று முறை போட்டார். நானும் போட்டேன். நகக்கண்ணில் ஒட்டியிருந்த அந்தச் செம்மண்ணை லுஹர் (நண்பகல்) தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யும்வரை நாங்கள் இருவரும் கழுவவில்லை.

1995இல் எங்களுக்குத் தாள் எழுதிய சகோதரரே, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இதை வாசிக்க நேர்ந்தால், எங்கள் ஊர் ஜமாஅத்தில் விசாரித்து எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய கண்ணாடி உம்மாவின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தஸ்பீஹில் நூல் இரண்டு முறை மாற்றியாயிற்று, மணி ஒன்றுகூடக் குறையவில்லை. பகீயில் உங்களுக்காகவும் துஆ கேட்டோம். பெயர் தெரியாததால், ‘வாப்பாவை இறக்கி வைத்தவர்’ என்று சொல்லியே கேட்டோம்.

வஸ்ஸலாம்.