தட்டாரிடம் போகவிருந்த பதக்கங்கள்

மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். நீ நலம் என்பது உன் அக்கா சொல்லித்தான் தெரிகிறது. பெங்களூருக்குப் போனால் கடிதம் எழுதக் கூடாதென்று சட்டமா? பேரனுக்கு மொட்டை போட்ட படம்கூட வரவில்லை. அந்தச் சண்டை நேரில். இப்போது வேறு விஷயம்.

பெரியப்பா வீட்டைப் பிரித்தபோது பரணில் பட்டாளத்துத் தாத்தாவின் தகரப் பெட்டி கிடைத்தது. பாட்டி நம்மைத் தொடவே விடாத அதே பெட்டி. இரண்டு பதக்கங்கள்: வெள்ளியில் ஒன்று, வானவில் ரிப்பனோடு வெண்கலத்தில் ஒன்று. கூடவே உள்ளங்கையை மறைக்கும் அளவில் ஒரு வெண்கல வட்டத் தகடு. பதக்கங்களின் விளிம்பில் அவருடைய நம்பர், பெயர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கின்றன. முதல் உலகப் போரில், 1917-ல், மெசபொடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், செத்தவர். உடம்பும் வரவில்லை, கல்லறையும் இல்லை.

கிடைத்த அன்றே ரகளை. அண்ணி புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பிவிட்டார். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் முதலில் போகும் என்று பிடுங்கி வைத்தேன். அடுத்து சின்னவன், "வெள்ளியைத் தட்டாரிடம் போட்டால் என்ன?" என்கிறான். 1980-ல் வெள்ளி விலை ஏறியபோது இப்படித்தான் எத்தனையோ வீட்டுப் பதக்கங்களை உருக்கிவிட்டார்கள். ஒன்று போனால் மற்றது துணையில்லாத துண்டு. பெரியப்பா மகனோ வீட்டுக்கு ஒன்றாகப் பங்கு போடலாம் என்கிறான். நிலமா இது, வரப்பு வெட்டிப் பிரிக்க?

அந்தத் தகட்டை விட்டு எனக்குக் கண் எடுக்க முடியவில்லை, மச்சான். பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா நிற்கிறாள், பக்கத்தில் சிங்கம், இரண்டு டால்ஃபின்கள். 1917-ல் போட்டி வைத்து, எட்வர்ட் கார்ட்டர் ப்ரெஸ்டன் என்ற சிற்பியின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். செத்தவர் வீட்டுக்கு ஒன்று என்று பதின்மூன்று லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். அதில் பதவி கிடையாது. ஜெனரலானாலும் சிப்பாயானாலும் வெறும் பெயர்தான். சுற்றிலும், விடுதலைக்கும் மானத்துக்குமாக உயிர் நீத்தார் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. யாருடைய விடுதலை? அன்றைக்கு நம் ஊரில் ஆண்டது யார்? ஆனாலும் அந்தப் பெயரை விரலால் தடவும்போது இந்தக் கேள்வி எல்லாம் பின்னால் போய்விடுகிறது.

இராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச்சின்னம், தாத்தாவைப் போல அங்கே செத்து, கல்லறை தெரியாத 40,000 பேருக்கும் மேலானவர்களுக்கு எழுப்பியது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர் உண்டு. நம் சிப்பாய்களுக்கு, இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. நம்மவர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர் வெட்டினார்கள். அந்தச் சின்னத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இணையத்தில் அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் தேடினேன், தாத்தா இருக்கிறார். தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கின்றன. படிக்கும்போது தொண்டை அடைத்துவிட்டது. கல்லில் இல்லாத பெயர் நம் பரணில் வெண்கலத்தில் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்திருக்கிறதே! அதையா புளி போட்டுத் தேய்ப்பது?

இனி உன் வேலை. அல்சூர் ஏரிப் பக்கம் சாப்பர்ஸ் மையம் இருக்கிறதல்லவா, நீ தினம் நடக்கப் போகும் வழிதான். நடக்கிறாயா, டீக்கடையோடு திரும்புகிறாயா என்பது உன் அக்காவுக்குத்தான் வெளிச்சம். அங்கே போய், இந்த நம்பரை வைத்து எந்தக் கம்பெனி, எந்த நாளில் செத்தார் என்று பழைய பதிவேட்டில் பார்க்க முடியுமா, யாருக்கு மனு எழுத வேண்டும் என்று கேள். அவர்களுடைய மியூசியத்தில் மூன்றையும் பிரிக்காமல் வாங்கி வைப்பார்களா என்றும் கேள். வீட்டில் வைத்திருந்தால் எனக்குப் பிறகு தட்டார் கடைதான். சம்மதம் என்றால் பெரியப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

விளிம்பு எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு எல்லோரும் கூடுவார்கள், பங்குப் பேச்சு அன்றைக்கு வரும். அதற்குள் பதில் எழுது. மொட்டைப் படத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்