‘மூங்கில்’ என்று விற்ற விஸ்கோஸ் விரிப்பு குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (ரசீது நகல் இணைக்கப்பட்டுள்ளது),
பவானி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ‘100 சதவீத இயற்கை மூங்கில்’ என விளம்பரம் செய்து விஸ்கோஸ் (கூழிலிருந்து செய்யும் ரேயான்) துணி விற்றது – தொகையைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஆடி மாதம் தங்கள் இணையதளத்தில் கட்டில் விரிப்பும் இரண்டு தலையணை உறைகளும் கொண்ட தொகுப்பை 4,850 ரூபாய்க்கும், இரவு உடைகள் இரண்டை 3,200 ரூபாய்க்கும் வாங்கினேன். பக்கவாதத்தால் ஒன்றரை ஆண்டாகப் படுக்கையிலேயே இருக்கும் என் மாமியாருக்காக வாங்கியவை அவை. இந்த விலைக்கு நல்ல பருத்தி விரிப்புகள் நான்கைந்து வாங்கியிருக்கலாம். ஆனால் ‘இயற்கையிலேயே கிருமிகளைத் தடுக்கும் மூங்கில் இழை’ என்று தங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்து, படுக்கைப்புண் வந்துவிடுமோ என்று தினமும் அவர் முதுகைத் திருப்பிப் பார்க்கும் எனக்கு, அந்த ஒரு வரிக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம் என்று தோன்றியது.

துணி மென்மையாகத்தான் இருந்தது. வெயில் நாளிலும் உடம்பில் ஒட்டவில்லை. மூன்றாவது சலவையில், நனைந்த விரிப்பை நானும் என் மகளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிந்தபோது, ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. அன்றுதான் தலையணை உறையைப் புரட்டிக் கொடியில் போடும்போது, உள்தையலில் சலவைக் குறிகளுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடியாக அச்சிட்டிருந்த ‘விஸ்கோஸ் 100%’ என்ற வரியைப் பார்த்தேன். என் கணவர் வீரப்பன்சத்திரத்தில் விசைத்தறியில் பல காலம் ரேயான் நெய்தவர். சீட்டைக் கூடப் பார்க்காமல், கிழிந்த இடத்திலிருந்து ஓர் இழையை உருவி, நாக்கில் நனைத்து இழுத்தார், பட்டென்று அறுந்தது. “இது நம்ம தறியில ஓடுற நூல்தான்” என்றார். பருத்தி இழை நனைந்தால் வலுக்கும், ரேயான் நனைந்தால் ஏறத்தாழப் பாதி வலுவை இழக்கும் என்பது ஈரோட்டுப் பக்கம் தறிக்காரர் எவருக்கும் தெரிந்த செய்தி. ஈரத்தில் முறுக்கிப் பிழியக் கூடாது என்ற எச்சரிக்கை தங்கள் பக்கத்தில் எங்கும் இல்லை. அதை எழுதினால் ரேயான் என்பதையும் எழுத வேண்டியிருக்கும் போலும்.

மூங்கில் நல்ல பயிர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வெட்ட வெட்டக் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும், மறுநடவு வேண்டாம். ஆனால் அந்தக் கழியைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துப் பாகாக்கி, கந்தக அமிலத் தொட்டிக்குள் நூலாகப் பிழிந்தெடுத்த பிறகு கையில் கிடைப்பது ரேயான். யூகலிப்டஸ் கூழிலிருந்து வந்திருந்தாலும் அது இதேபோலத்தான் இருக்கும். மூங்கிலின் கிருமித் தடுப்புக் குணம் ஏதேனும் இருந்தால், அது அந்தத் தொட்டிகளைத் தாண்டி வருவதில்லை. கார்பன் டைசல்ஃபைடு ஆலைத் தொழிலாளர்களின் நரம்புகளைப் பாதிக்கும் நச்சு. பவானி ஆற்றங்கரையில் குடியிருக்கும் எங்களிடம் விஸ்கோஸைப் பசுமை என்று சொல்வது சற்றுக் கூச்சமில்லாத செயல். மேலே சிறுமுகையில் மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் செய்த ஆலையின் கழிவு இந்த ஆற்றைக் கெடுத்ததும், மக்கள் போராடி வழக்குகள் நடந்து அந்த ஆலை மூடப்பட்டதும் இங்கே யாரும் மறந்துவிடவில்லை.

இதே கூழிலிருந்து, கரைப்பானை ஏறத்தாழ முழுவதும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் லையோசெல் முறையிலும் இழை எடுக்கலாம் என்பதை அறிவேன். தங்கள் துணி அதுவாக இருந்தால் சீட்டில் லையோசெல் என்றே இருந்திருக்கும்.

தங்கள் சேவைப் பிரிவில் இதைக் கேட்டபோது, “மூங்கில்தான் மேடம், ஓக்கோ-டெக்ஸ் சான்று இருக்கிறது” என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது முடிந்த துணியில் தீங்கான பொருள்கள் அளவுக்கு மீறி இருக்கின்றனவா என்று சோதிக்கும் சான்று. இழை எது என்பதற்கோ, ஆலைக் கழிவு எங்கே போகிறது என்பதற்கோ அது பதில் ஆகாது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009 முதல் இதே விஷயத்தில் நடவடிக்கை எடுத்துவருகிறது. 2022-இல் ரேயானை மூங்கில் என்று விற்ற குற்றச்சாட்டில் கோல்ஸ், வால்மார்ட் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 55 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடுக்கிறது. ஆதாரமற்ற சுற்றுச்சூழல் பெருமைகளுக்கென்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தனி வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது.

ஆகவே நான் செலுத்திய 8,050 ரூபாயை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். கிழிந்த விரிப்பையும் மற்றவற்றையும் தங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம். மாற்றுத் துணியோ தள்ளுபடிக் கூப்பனோ எனக்கு வேண்டாம். தங்கள் இணையதளத்தில் ‘மூங்கிலிலிருந்து செய்த விஸ்கோஸ்’ என்று, விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும். கிருமித் தடுப்பு வரியை நீக்க வேண்டும். விஸ்கோஸ் என்று நேராகச் சொல்லியிருந்தால், இரவு உடைகளையாவது அதற்குரிய விலையில் நான் வாங்கியிருக்கவும் கூடும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவுசெய்துவிட்டு, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். ரசீது, தங்கள் விளம்பரப் பக்கத்தின் படம், உள்தையல் சீட்டின் படம், கிழிசலின் படம் ஆகியவை இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பவானி.