ஓடை நண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

சுற்றாடல் அமைச்சின் உயிர்ப்பல்வகைமைச் செயலகத்தாருக்கு,

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். பிறந்து வளர்ந்தது மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில். பீலிக்கு, அதாவது தோட்டத்து நீர்க்குழாய்க்கு, கீழே கல்லைப் புரட்டி நண்டு பிடித்திருக்கிறேன். சளி பிடித்தால் அம்மா அதை இடித்து ரசம் வைப்பார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, ஒளிக்க என்ன இருக்கிறது.

அது உலகில் வேறெங்கும் இல்லாத நண்டாக இருந்திருக்கலாம் என்பது நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது. இந்தத் தீவின் நன்னீர் நண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இங்கு மட்டும் வாழ்பவை. 2009இல் வெளியான உலக மதிப்பீடு, அன்று கணக்கிலிருந்த 50 இலங்கை இனங்களில் 40 அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. உங்களுக்கு இது பழைய செய்தி. தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

கடல் நண்டின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து எங்கெங்கோ போய்ச் சேரும். ஓடை நண்டு அப்படியல்ல. முட்டையிலிருந்தே குட்டி நண்டாக வெளிவந்து, தாயின் வயிற்று மடிப்பில் சில நாள் தொற்றிக்கொண்டு, அப்புறம் அதே ஓடையில் இறங்கிவிடும். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே சரிவு வெட்டவெளியாக இருந்தால் அதைக் கடந்து போக வழியில்லை. ஆகவே சில இனங்களுக்கு ஒரு சரிவுதான் மொத்த உலகமும். அந்தச் சரிவில் மரத்தை வெட்டி, ஓடையில் வெயில் விழவைத்து, கான் என்ற வடிகால் வழியே பூச்சி, களை மருந்துத் தண்ணீரை இறக்கினால் கதை முடிந்தது.

மருந்து அடிப்பவர் யார்? கான் வெட்டுபவர் யார்? பீலியில் துணி துவைப்பவர் யார்? எல்லாம் எங்கள் ஆட்கள், தமிழ் பேசுபவர்கள். ஆனால் அண்மையில் கொழும்பில் நான் பார்த்த ஒரு கண்காட்சியில் நண்டுப் படங்களுக்குக் கீழே சிங்களமும் ஆங்கிலமும்தான் இருந்தன. மலைநாட்டு நண்டுப் பேரினம் ஒன்றுக்கு பெர்பிரிங்கியா என்று பெயர். 1962இல் இங்கு ஆய்வுக்கு வந்த சுவீடன்காரர் பெர் பிரிங்கின் நினைவாக வைத்தது. வைக்கட்டும், உழைத்தவர்தான். ஆனால் அந்த ஓடையில் தினமும் கால் நனைப்பவள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அவளுக்கு எல்லாமே வெறும் நண்டுதான்.

தெற்குக் கரையோரத்துப் புந்தலவைப் பாருங்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1990இல் சேர்ந்த இடம். லுணுகம்வெகெர நீர்த்தேக்கத்திலிருந்து வயல்களுக்குப் பாய்ந்த நீர் அங்கே வடிந்து, எம்பிலிகல, மாலல களப்புகளின் உப்பு குறைந்து, இறாலும் குறைந்தபோது நாலு பேர் பேசினார்கள். பூநாரை வரவில்லையே என்ற கவலை. மலை நண்டுக்காகப் பேச அப்படி யாரும் இல்லை. அதைத் தின்பது நீர்நாய். அதுவும் இரவில். படம் எடுக்க யார் போவார்கள்?

கொழும்புக் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கையினது. அது எங்கள் மஸ்கெலி ஓயாவும் கெசெல்கமு ஓயாவும் சேர்ந்து வருவது. ஆக, இது தோட்டத்துச் சங்கதி மட்டுமல்ல.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனங்களுக்குத் தமிழ்ப் பெயர் வையுங்கள். தோட்டப் பாடசாலைச் சுவரில் ஒட்ட, அந்தந்த மலையின் நண்டுப் படத்தோடு ஒரு தாள் அச்சிடுங்கள். ஓடைக்கரையில் சில அடிக்கு மருந்து அடிக்கக் கூடாது என்று கம்பனிகளுக்குத் தமிழிலும் எழுதுங்கள், கங்காணியும் வாசிக்கட்டும். பெயர் வைக்கும் கூட்டத்துக்குப் பேராசிரியர்களோடு கொழுந்து பறிக்கும் இரண்டு பேரையும் அழையுங்கள். சிவப்புக் கால் நண்டு எது, கல்லுக்கடியில் இருப்பது எது, மழைக்கு வீட்டுக்குள் ஏறி வருவது எது என்று அவர்கள் சொல்வார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். வார நாளில் வைத்தால் அவர்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனைவாசி ஒருவன்